ஏழை வீட்டு விளக்கும் எதிர்காலக் கல்வியும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் அதியமான்கோட்டை அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. அப்பணியைச் செயலாளர் அவர்கள் தமது அறிக்கையில் செவ்வனே நிறைவேற்றி விட்டார்கள். நமக்கு அளிக்கப்பட்ட பொருள் ‘கல்வியும் வீட்டுச் சூழலும்’ என்பதாகும். அது பெருங்கடல். அதில் ஒரு துளியை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விழைகின்றோம். அத்துளி, நம் மக்களின் வீட்டு மின் கட்டணமும் அடுப்பெரிக்கும் செலவும் ஆகும். “கல்வி விழாவிற்கு வந்து கரண்டு பில்லைப் பற்றிப் பேசுகின்றாரே” என்று எவரும் நகைக்க வேண்டா. விளக்கில்லாத வீட்டில் புத்தகம் இருந்தென்ன பயன்? இதனை முப்பதாண்டு ஆசிரியப் பணியில் கற்றதை விட, இளமையில் பட்டுக் கற்றதே மிகுதி.

நாம் பிறந்த மண் அதியமான் ஆண்ட தகடூர் மண். அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தவன் அவன் என்பதைப் பாலகரும் அறிவர். இன்றும் தேய்பிறை அட்டமி நாளில் நம் ஊர்க் காலபைரவர் கோயிலில் பூசணி விளக்கேற்ற எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து குவிகின்றனர். ஈகைக்கும் விளக்குக்கும் பெயர் பெற்ற ஊர் இது. ஆயினும், ஏழையின் வீட்டு விளக்கு ஒருவரது ஈகையால் எரிய வேண்டுமா, அன்றி உரிமையால் எரிய வேண்டுமா என்பதே நாம் இன்று உங்கள் முன் வைக்கும் வினா.

மண்ணெண்ணெய் விளக்கின் காலம்

நாம் ஐந்தாம் வகுப்புப் பயின்ற காலத்தில் ஊருக்குள் மின்விளக்கு எரிந்தது, காலனியில் எரியவில்லை. நடுவே இருந்த தொலைவு கூப்பிடு தூரம்தான். நம் வீட்டில் இருந்தது ஒரு சிம்னி விளக்கு. கடையில் அளந்து தந்த மண்ணெண்ணெயை நம் அன்னையார் மாதம் முழுமைக்கும் பங்கிட்டு ஊற்றுவார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் புத்தகத்தை விரித்தால், “எண்ணெய் ஆயிப்போச்சு, வெளக்க நிறுத்துடா சாமி” என்பார்கள். அது கண்டிப்பன்று, கணக்கு. காலையில் எழுந்தால் மூக்கினுள்ளே கரி படிந்திருக்கும். அக்கரியோடு பள்ளிக்குச் சென்றவர்கள் இவ்வவையில் இன்னும் பலர் இருக்கின்றீர்கள்.

நம் மாவட்டத்தின் எல்லையை ஒட்டி ஓடும் காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1937-இல் அங்கு மின் உற்பத்தி தொடங்கியது. தமிழ்நாட்டில் மின்வாரியம் 1957-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் அமைந்தது. மின்சாரம் பிறந்த இடம் நமக்கு அண்மையில்தான். எனினும், அது ஊருக்கு வந்த பின்னும் பல்லாண்டு கழித்தே காலனிக்கு வந்தது. கம்பி நீளம் போதாமையால் நேர்ந்த தாமதம் அன்று அது. இதற்கு மேல் விளக்கம் உங்களுக்குத் தேவையில்லை.

ஈண்டு ஒரு வரலாற்றைப் பிள்ளைகள் அறிதல் வேண்டும். அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசமைப்புச் சட்டத்தின் சிற்பியாக மட்டுமே பாடநூல் காட்டுகின்றது. அவர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அந்நாளில் அத்துறையின் பொறுப்பில் இருந்தன. நாட்டின் மின் வளர்ச்சியைத் திட்டமிட மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியம் 1944-இல் அமைந்தது அவரது காலத்தில்தான். இந்தியாவின் வறுமை நீங்கத் தொழில் பெருக வேண்டும், தொழில் பெருக மின்சாரம் மலிவாகவும் தட்டின்றியும் கிடைக்க வேண்டும் என்பது அவரது உறுதியான கருத்து. ஆதலின், மின்சாரத்தைப் பற்றிப் பேசுவது அம்பேத்கர் வழியிலிருந்து விலகுவதாகாது.

குடிசை விளக்கு தந்த வாழ்வு

பின்னர்த் தமிழ்நாட்டில் குடிசைக்கு ஒரு விளக்கு என்னும் திட்டம் வந்தது. நாற்பது வாட் அளவுள்ள ஒரே விளக்கு; அதற்கு மீட்டர் இல்லை; கட்டணமும் இல்லை. 1974-இல் தொடங்கப்பெற்ற தாட்கோ நிறுவனம் கட்டித் தந்த வீடுகளும் இவ்வகையில் சேர்க்கப்பட்டன. மத்திய அரசு 1988-89-இல் குடீர் ஜோதி என்ற பெயரில் இதனை ஒத்த திட்டத்தை நாடெங்கும் நடத்தியது. நாம் எட்டாம் வகுப்பில் இருந்தபோது நம் குடிசையில் அந்த ஒற்றை விளக்கு எரிந்தது. அதன் அடியில் அமர்ந்து படித்தவர் நாம் ஒருவர் மட்டும் அல்லோம். நால்வர் வீட்டுப் பிள்ளைகள் அங்கு வந்து கூடுவர். அந்நால்வரில் இருவர் அரசுப் பணி பெற்று ஓய்வும் பெற்றுவிட்டனர். நாற்பது வாட் விளக்கு என்ன செய்யும் என்று கேட்போருக்கு இதுவே விடை.

காலம் மாறியது. குடிசைகள் குறைந்தன, தொகுப்பு வீடுகளும் கான்கிரீட் வீடுகளும் எழுந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் குடிசை வீடாக மாறிய அன்றே குடிசை மின் இணைப்பும் வீட்டு இணைப்பாக மாறுகின்றது. மீட்டர் வருகின்றது, கட்டணமும் வருகின்றது. கூரை மாறியது, கூலி மாறவில்லை. இதனை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

நூறு யூனிட்டின் கணக்கு

இந்நிலையில், 2016-ஆம் ஆண்டு மே 23 அன்று முதலமைச்சராகப் பதவியேற்ற செல்வி ஜெ. ஜெயலலிதா அவர்கள் கையொப்பமிட்ட ஆணைகளுள் ஒன்று, எல்லா வீடுகளுக்கும் இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி என்பதாகும். ஆட்சிகள் மாறிய பின்னும் அது தொடர்கின்றது. 2022 நவம்பர் முதல் மின் இணைப்போடு ஆதார் எண்ணை இணைக்கச் சொன்னபோது, நூறு யூனிட் போய்விடுமோ என்று நம் மக்கள் அஞ்சி வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அச்சமே அதன் அருமையைக் காட்டும்.

யூனிட் என்றால் என்ன? ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அறுபது வாட் குண்டு பல்பு நாளும் ஐந்து மணி நேரம் எரிந்தால் அறுபது நாளில் 18 யூனிட். அதே வெளிச்சம் ஏறத்தாழத் தரும் ஒன்பது வாட் எல்.இ.டி. பல்புக்கு 3 யூனிட்டுக்கும் குறைவு. எழுபத்தைந்து வாட் மின்விசிறி நாளும் பத்து மணி நேரம் சுழன்றால் 45 யூனிட். ஆக, இரு விளக்கும் ஒரு விசிறியும் ஒரு தொலைக்காட்சியும் உள்ள சிறு வீடு நூறு யூனிட்டுக்குள் வாழ்ந்துவிடலாம். நம் மக்களில் பலர் அங்ஙனமே வாழ்கின்றனர்.

ஆனால் எல்லோராலும் அங்ஙனம் வாழ இயலவில்லை. அதற்கான காரணத்தை நமக்கு ஒரு மாணவி கற்பித்தாள்.

2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இன்னும் ஒரு கிழமையே இருந்தது. நன்கு படிக்கும் மாணவி ஒருத்தி வகுப்பில் உறங்கினாள். ஆசிரியை கண்டித்தார். மறுநாளும் உறங்கினாள். நாம் அழைத்துக் கேட்டோம். முதலில் வாய் திறக்கவில்லை. பிறகு தலை கவிழ்ந்தவாறே, “வீட்டுல கரண்டு இல்லீங்க சார். பியூசைப் புடுங்கிட்டாங்க” என்றாள். நெடுஞ்சாலையோரம் பேருந்து நிறுத்த விளக்கின் கீழே பாட்டியைத் துணைக்கு இருத்திக்கொண்டு இரவு பத்து மணி வரை படித்திருக்கின்றாள். சேலம் சாலையில் லாரிகள் பறக்கும் அவ்விடத்தில் ஒரு பெண்பிள்ளை!

நாம் அன்று மாலையே அவ்வீட்டிற்குச் சென்றோம். பெற்றோர் பெங்களூருவில் கட்டட வேலைக்குச் சென்றிருந்தனர். கட்டண விவரம் தந்தையின் பழைய கைப்பேசி எண்ணுக்குச் சென்றுகொண்டிருந்தது. அந்த எண் மாறி ஓராண்டு ஆகியிருந்தது. பாட்டிக்கு எழுத்தறிவு இல்லை. கெடு நாள் கடந்தது யாருக்கும் தெரியவில்லை. கட்ட வேண்டியது 630 ரூபாய். பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பணம் போட்டுக் கட்டினோம். மறுநாள் விளக்கு எரிந்தது. பாட்டியார் கைகூப்பினார்கள். நமக்கோ நாணமாக இருந்தது.

ஏன் நாணம்? கூறுகின்றோம், கேளுங்கள். அந்த 630 ரூபாய் எங்ஙனம் வந்தது என்று அட்டையை வாங்கிக் கணக்குப் பார்த்தோம். அது ஒரு வீடன்று, இரு வீடு. மூத்த மகன் குடும்பம் ஒருபுறம், இளைய மகன் குடும்பம் பின்னால் கட்டிய அறையில் மறுபுறம். இரு வாசல், இரு அடுப்பு. மீட்டர் மட்டும் ஒன்று. இருவரும் சேர்ந்து செலவிட்டது 290 யூனிட். அன்றைய கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் இரண்டே கால் ரூபாய் வீதம் 225 ரூபாய், எஞ்சிய 90 யூனிட் நான்கரை ரூபாய் வீதம் 405 ரூபாய், ஆக 630.

இருவருக்கும் தனித்தனி மீட்டர் இருந்து, ஆளுக்கு 145 யூனிட் செலவிட்டிருந்தால்? ஆளுக்கு 100 யூனிட் இலவசம். எஞ்சிய 45 யூனிட்டுக்கு 101 ரூபாய் 25 காசு. இரு குடும்பத்திற்கும் சேர்த்து 202 ரூபாய் 50 காசு. அதாவது, ஒரே அளவு மின்சாரத்திற்கு அந்த ஏழைகள் மும்மடங்கு கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தனர். அரசு தந்த நூறு யூனிட் ஒன்று அவர்கள் கைக்கு வராமலே போய்க்கொண்டிருந்தது. 2024 சூலையில் கட்டணம் சிறிது உயர்ந்தது. கணக்கின் போக்கு மாறவில்லை.

இந்நிலை எவருக்கு நேர்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். நிலமுள்ளவர் வீட்டு மக்கள் தனி மனை பிரித்துத் தனி வீடு கட்டுகின்றனர். காலனியிலோ இரண்டு சென்டு, மூன்று சென்டு மனையில்தான் அப்பனும் மகனும் பேரனும் வாழ்ந்தாக வேண்டும். மனை குறுகியதால் மீட்டர் ஒன்றாயிற்று. மீட்டர் ஒன்றானதால் கட்டணம் ஏறிற்று. நிலமின்மை மின் கட்டணத்திலும் வந்து நிற்கின்றது. பட்டப்படிப்புப் படித்த நாமோ முப்பதாண்டுகள் அவ்வழியே நடந்தும் இக்கணக்கை ஒருமுறையும் போட்டுப் பார்க்கவில்லை. நாணம் அதற்கே.

அம்மாணவி தேர்வில் தேறினாள். இன்று பாலிடெக்னிக்கில் பயில்கின்றாள். ஆனால், சொல்லாமல் உறங்கிய பிள்ளைகள் எத்தனை பேரோ!

அடுப்பின் கதை

விளக்கைப் போன்றதே அடுப்பும். 2016 மே முதல் நாள் தொடங்கிய உச்வலா திட்டத்தால் நம் பெண்கள் பலர் எரிவாயு இணைப்புப் பெற்றனர். புகையின்றிச் சமைத்தனர். ஆனால் சிலிண்டர் தீர்ந்தால் முழு விலையையும் முன்னதாக எண்ணி வைக்க வேண்டும். மானியம் பின்னர் வங்கிக் கணக்கிற்கு வரும். 2022 மே மாதத்தில் சிலிண்டருக்கு 200 ரூபாய் என்றிருந்த மானியம், 2023 அக்டோபரில் 300 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நன்மைதான். ஆயினும், நாட்கூலிக்காரர் கையில் ஒரே நாளில் அத்தொகை முழுவதும் இருப்பது அரிது. ஆகவே சிலிண்டர் மூலையில் நிற்கின்றது. சுள்ளி பொறுக்கப் பெண்பிள்ளை ஏரிக்கரைக்குப் போகின்றாள். மழைக்காலத்தில் காலைப் பள்ளிக்கு அவள் தாமதமாக வருவதன் காரணம் ஈரவிறகே. நியாய விலைக் கடை மண்ணெண்ணெய்க்கு மத்திய அரசு அளித்த மானியமும் 2020-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பழைய வழி அடைந்தது. புதிய வழி முழுமையாகத் திறக்கவில்லை. இடையில் நிற்பவள் நம் தாய்.

சலுகையா, உரிமையா?

“இலவசம் கொடுத்துக் கொடுத்து மக்களைக் கெடுக்கின்றனர்” என்று சில நண்பர்கள் உரைப்பர். அவர்களுக்கு நாம் பணிவுடன் விடை கூறுவோம். நூறு யூனிட் காலனிக்கு மட்டும் கிடைப்பதன்று. குளிர்சாதனம் ஓடும் மாளிகைக்கும் அதே நூறு யூனிட் உண்டு. அங்கு அதனை எவரும் இலவசம் என்று இகழ்வதில்லை.

உலகில் ஏழைகளின் எரிபொருள் செலவுக்கு உதவுவது புதிதும் அன்று. அமெரிக்க நாட்டில் 1981 முதல் வறிய குடும்பங்களின் வீட்டு எரிபொருள் கட்டணத்திற்கு அரசு உதவி உண்டு. பிரிட்டனில் 1997 முதல் முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் தொகை வழங்கும் வழக்கம் தோன்றியது. நம் அண்டை மாநிலமாம் கர்நாடகத்தில் 2023 முதல் மாதம் 200 யூனிட் வரை வீடுகளுக்குக் கட்டணம் இல்லை. இவை எல்லாவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியில் வெள்ளையர் குடியிருப்புகள் ஒளியில் திளைக்க, கறுப்பின மக்களின் சேரிகளுள் பெரும்பாலானவை இருளில் கிடந்தன. விடுதலைக்குப் பின்னர், 2003-இல், ஏழை வீடுகளுக்கு மாதம் 50 யூனிட் கட்டணமின்றி வழங்கும் கொள்கையை அந்நாடு மேற்கொண்டது. மாதம் ஐம்பது என்றால் இரு மாதத்திற்கு நூறு. நமது அளவும் அதுவே! கடல் கடந்த இரு நிலங்களில் ஒரே அளவை வந்து நிற்கின்றது.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 46-ஆம் கூறு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் கல்வி நலனையும் பொருளாதார நலனையும் அரசு தனிக் கவனத்துடன் வளர்க்க வேண்டும் என்று பணிக்கின்றது. கல்வி, பொருளாதாரம் என்னும் அவ்விரண்டும் சந்திக்கும் இடம் வீட்டு விளக்கு. ஆகவே அது அதியமான் தந்த நெல்லிக்கனி போன்ற ஈகையன்று, குடிமகனுக்குரிய பங்கு.

ஆனால் உரிமை பேசுவோர்க்குக் கடமையும் உண்டு. மானியத் தொகையை அரசு மின் நிறுவனத்திற்கு முன்னதாகவே செலுத்த வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் கூறுகின்றது. அப்பணம் மக்கள் பணம். கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது நம் பங்கை நாமே திருடுவதாகும்; உயிருக்கும் கேடு. அதனை நம் காலனியில் எவரும் செய்தல் கூடாது. அதே சட்டம், கட்டணம் கட்டவில்லை என்றால் பதினைந்து முழு நாள் எழுத்து அறிவிப்புத் தந்த பின்னரே இணைப்பைத் துண்டிக்கலாம் என்றும் கூறுகின்றது. குறை கேட்க மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் உண்டு என்றும் கூறுகின்றது. கடமையை அறிந்தவன் இவ்வுரிமைகளையும் அறிதல் வேண்டும்.

கழகத்தார்க்கு நம் விண்ணப்பம்

இருபத்தைந்து ஆண்டுகளாக நமது கழகம் நோட்டுப் புத்தகம் தந்தது, மாலை வகுப்பு நடத்தியது, கட்டணம் செலுத்தியது. இவற்றைப் பெற்ற பிள்ளைகளிடம், “உன் வீட்டில் விளக்கு எரிகின்றதா?” என்று மட்டும் நாம் கேட்கவில்லை. வெள்ளி விழா ஆண்டில் அதனைக் கேட்கத் தொடங்குவோம். அதற்கு நான்கு பணிகளைக் கூற விரும்புகின்றோம்.

முதலாவது, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பயிலும் பிள்ளைகளின் வீட்டு மின் இணைப்பு விவரத்தைக் கழகத் தொண்டர்கள் ஆண்டுதோறும் திரட்ட வேண்டும். இணைப்பு யார் பெயரில் உள்ளது, கைப்பேசி எண் சரியா, இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே கிடக்கின்றதா என்பதைப் பார்த்துத் திருத்த விண்ணப்பம் எழுதித் தர வேண்டும்.

இரண்டாவது, மீட்டரைப் படிக்கவும் கட்டணத்தைக் கணக்கிடவும் எட்டாம் வகுப்பு முதல் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். நமது பள்ளியில் இதனைத் தொடங்கிவிட்டோம். கணக்குப் பாடத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளைகூடத் தன் வீட்டுக் கட்டணத்தைத் தப்பின்றிப் போடுகின்றான். கணக்கெடுக்க வரும் ஊழியர் அறுபது நாளுக்கு மேல் தாமதித்தால் கட்டணம் மேல்படிக்கு ஏறிவிடக்கூடும் என்பதையும் அவன் தந்தைக்கு எடுத்துரைக்கின்றான்.

மூன்றாவதே தலையாயது. ஒரே மீட்டரில் இரு குடித்தனம் உள்ள வீடுகளுக்குத் தனி இணைப்புப் பெற, கழகம் ஒரு சுழல் நிதி ஏற்படுத்த வேண்டும். புதிய இணைப்புக்குச் சில ஆயிரம் ரூபாய் ஒரே தவணையில் தேவை, அதுவே தடை. நாம் சொன்ன அந்த வீட்டில் இரு மாதத்திற்கு 427 ரூபாய் மிச்சமாகும். மூவாயிரம் ரூபாய் கடன் தந்தால், அம்மிச்சத்தைக் கொண்டே ஏழெட்டுத் தவணையில் கடன் அடைந்துவிடும். பணம் திரும்பி வந்து அடுத்த வீட்டிற்குச் செல்லும். இது தானமன்று, கைமாற்று. வாங்குபவர் தலை குனிய வேண்டியதில்லை.

நான்காவது, பொதுத்தேர்வுக் காலமாகிய பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் கட்டணம் நிலுவையாயின் கழகம் உடனே கட்டிவிட்டுப் பின்னர் சிறு தவணையாகப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இந்நிதிக்கு நமது ஒரு மாத ஊதியத்தை இம்மேடையிலேயே அளிக்கின்றோம். இதனைப் பெருமைக்காகக் கூறவில்லை. குடிசையில் எரிந்த அந்த நாற்பது வாட் விளக்குக்கு நாம் இதுவரை கட்டணம் கட்டியதில்லை. அப்பழைய பாக்கியை இன்று சிறிது தீர்க்கின்றோம். அவ்விளக்கில் படித்து இன்று பணியில் உள்ளோர் இவ்வரங்கில் பலர் உண்டு. அவர்களும் தத்தம் பாக்கியைத் தாமே கணக்குப் பார்த்துக்கொள்வார்களாக.

கழகத்தின் பொன்விழாவின்போது நாம் இருப்போமோ, இல்லையோ அறியோம். அன்று இம்மேடையில் பேசும் தலைமையாசிரியர், “இவ்வூரில் எந்தப் பிள்ளையும் தேர்வுக்குச் சாலை விளக்கில் படிக்கவில்லை” என்று கூறும் நிலை வர வேண்டும். அதுவே நமது அவா.



வணக்கம். ஜெய் பீம்.